பிரேக் மிதிக்கும் கால்

ஒருநாள் விடியற்காலையில் என் வலது கால் பெருவிரல் செருப்புக்குள் நுழைய மறுத்தது. முந்தைய நாள் சாயங்காலமே அந்த இடத்தில் சுருக்சுருக்கென்று இருந்தது. வண்டியை விட்டு இறங்கும்போது எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் விரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு வீங்கியிருந்தது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலித்தது. போர்வையின் ஓரம் அதன்மேல் உரசியபோது நான் போட்ட சத்தத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வேப்பம்பட்டில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சு, பிளக் மாதிரியான சாமான்களுக்கு உள்ளே வைக்கிற சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். அவர்களை முதல் ஷிப்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. வேப்பம்பட்டில் கிளம்பி, திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல் என்று நின்று நின்று ஏற்றிக்கொண்டு போவேன். வண்டி தொழிற்சாலையுடையது கிடையாது. ஒப்பந்தத்துக்கு எடுத்து ஓட்டுகிற ஒருவருடையது. அவரை எல்லா டிரைவர்களும் ஓனர் என்போம். கள்ளிக்குப்பத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தொழிலில் கறார், மனதில் கெட்டவர் இல்லை.

இத்தனை வருஷத்தில் என் வண்டி யாரையும் உரசியதில்லை. இதைச் சொல்லும்போது அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்ள எனக்குத் தெரியாது. அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா வந்த பேர் இல்லை. தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக், திடீரென்று நடுவில் நின்று யோசிக்கிற மாடு, எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்தப் பேரைச் சம்பாதித்தேன். டிரைவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. எங்கள் சர்ச்சில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி போதகர் ஐயர் ஒருமுறை கேட்டார். வெட்கமாக இருந்ததால் மறுத்துவிட்டேன்.

அன்றைக்கு லீவு போடச் சொன்னாள் மனைவி. நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு டிரைவரைத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள், அத்தனை பெண்களும் இருட்டில் ரோட்டோரம் நிற்பார்கள் என்று சொன்னேன். அவளுடைய தோள்வலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. வெறும் வயிற்றில் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பையனின் பழைய ரப்பர் செருப்பின் வாரை அறுத்துவிட்டு, அதற்குள் காலை வைத்து வண்டி ஏறினேன்.

ஆவடி வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் வலி விரலில் தொடங்கி முழங்கால்வரை ஏறியது. குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். பாதத்தின் வெளிப்பக்கத்தால் மிதித்துப் பார்த்தேன். முகத்தில் வேர்வை வழிந்தது. முன்சீட்டில் இருந்த லைன் லீடர் அக்கா உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் அந்தத் தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பெண்களின் வேலைக்குப் பொறுப்பு. ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா.

திருமுல்லைவாயலில் சாலையோரத்துக் கடை ஒன்றின் முன்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. ஓட்டியது ஒரு பெண். முன்னால் யூனிபார்ம் போட்ட ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. அந்த மாதிரி வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு உடம்பிலேயே தெரியும். கால் பிரேக்குக்குப் போனது. போய், மிதிப்பதற்கு முன்னால், ஒரு கணம் தயங்கியது. வலிக்குமே என்று பயந்து தயங்கியது.

வண்டி நின்றுவிட்டது. ஸ்கூட்டருக்கும் பம்பருக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். பஸ்ஸில் இருந்த யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. ஆனால் என் கால் தயங்கியது எனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எழுந்து நின்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தபடியே திரும்பி, கால் சரியில்லை, இனிமேல் இந்த வண்டியை நான் எடுக்கமாட்டேன், எல்லோரும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சில பெண்கள் கைபேசியில் நேரம் பார்த்தார்கள். அவர்களுக்கு நேரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டில் தாமதமாகப் போனால் அரைநாள் சம்பளம் போய்விடும். அக்கா மட்டும் எழுந்து வந்து, குனிந்து என் காலைப் பார்த்தார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா வேப்பம்பட்டுலேர்ந்து வந்தீங்க?" என்றார். பிறகு பின்னால் திரும்பி, எல்லோரையும் இறங்கச் சொன்னார். பக்கத்திலேயே ஸ்டேஷன், ரயில் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம், கேட்டில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ஆனால் இறங்கும்போது ஒவ்வொருத்தியும் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். பார்த்த பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

அவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓனருக்குப் போன் செய்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டு வரக்கூடாதா என்று கேட்டார். முடியாது என்றேன். பைக்கில் அவரே வந்து சேர்ந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை.

"இன்னாண்ணே இது, இப்டி வீங்கிக்கீது. இத்த ஒண்ணு போடு, டீ குடிக்கிறதுக்குள்ள இறங்கிடும். அப்பால ஒரு ஊசி போட்டுக்கினு மத்தியான டிரிப்ப நீயே எடுத்துரு" என்றார்.

வலி தாங்காமல் அவர் கொடுத்ததையும் விழுங்கிவிட்டேன். ஆனால் சாவியைக் கொடுத்தேனே தவிர ஸ்டீயரிங்கில் உட்காரவில்லை. அவர் முகம் சுருங்கியது. நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"வலியோட ஓட்டிடுவேன் ஓனர். ஆனா கால் பயப்படுது. பயப்படுற காலை நம்பி ஆளுங்கள ஏத்தக்கூடாது."

அவர் வேறு டிரைவருக்குப் போன் போட ஆரம்பித்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சாவியைக் கழற்றிய நிமிஷத்தைப் பற்றி எனக்குப் பெருமைதான். எந்த நெரிசலையும் தாண்டி ஓட்டியதைவிட, அன்றைக்கு ஓட்டாமல் இருந்ததுதான் நான் செய்த நல்ல டிரைவர் வேலை.

மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். ஆவடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு டாக்டரம்மா இருக்கிறார். என் ரத்த அழுத்தத்துக்கு அவரிடம்தான் மருந்து வாங்குகிறேன். பல மாவட்டங்களிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற ராணுவ டேங்க் தொழிற்சாலைக் குடும்பங்கள் பாதிப்பேர் அவர் கிளினிக்கில்தான் நிற்பார்கள். அன்றைக்கும் கூட்டம். ஆனால் நான் மனைவியின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டி வந்ததைப் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களே வழி விட்டார்கள்.

டாக்டரம்மா காலைத் தொடவில்லை. பார்த்தவுடனே கவுட் என்றார். பெயர் புதிதாக இருந்தது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்று ஒன்று அதிகமானால் அது மூட்டுக்குள் கண்ணாடித் தூள் மாதிரிப் படிந்துவிடும், உடம்பு அதை வெளியாள் என்று நினைத்து அடிக்கப் போகும், அந்த அடிதடிதான் இந்தச் சிவப்பும் வீக்கமும் என்று விளக்கினார். குடிப்பீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள்.

"இவருக்கு அந்த வாசனையே ஆகாது டாக்டர். கல்யாணத்துல யாராவது குடிச்சிட்டுப் பக்கத்துல உக்காந்தா இலையை எடுத்துக்கிட்டு வேற பந்திக்குப் போயிடுவாரு."

டாக்டரம்மா சிரித்தார். குடிக்காதவர்களுக்கும் வரும், நிறையப் பேருக்கு வருகிறது, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றார். நான் வெயில் காலத்தில் எஸ்டேட் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு தினமும் பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம் குடிப்பதை மனைவி அவர் கேட்காமலேயே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலையும் சொன்னாள். வாரத்தில் மூன்று நாள் நெத்திலி என்பதையும் சொன்னாள். எல்லாம் அவள் சமைத்ததுதான். ஆனாலும் குற்றவாளி நான் மட்டுமே என்பதுபோலத்தான் சொன்னாள்.

பிறகு டாக்டரம்மா, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார். இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்தேன். அவர் முகம் மாறியது.

"பேர்தான் ரெண்டு. உள்ள இருக்கறது ஒரே ஜாதி மருந்து. ரெண்டையும் சேர்த்து, அதுவும் வெறும் வயித்துல. உங்களுக்கு பி.பி. வேற இருக்கு. வயித்துல புண்ணாகும், கிட்னி அடி வாங்கும். தெரியுமா?"

தெரியாது என்றேன். ரத்த அழுத்தம் பார்த்தார். வழக்கத்தைவிட ஏறியிருந்தது. ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று ஓனர் சொன்னதை நான் சொன்னேன். ஊசியும் அதே மருந்துதான், தோலைத் துளைத்துப் போவதால் அதற்குத் தனி மந்திரம் எதுவும் கிடையாது என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஏற்கனவே இரண்டு மாத்திரை உள்ளே போயிருப்பதால் சாயங்காலம் வரைக்கும் வேறு எதுவும் போடக்கூடாது, கிட்னி சரியாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்த பிறகுதான் முறையாக மருந்து தொடங்குவேன் என்றார்.

எனக்கு அப்போது ஒரே கேள்விதான். எப்போது வண்டி எடுக்கலாம்?

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஒரு சின்ன முக்காலியில் என் எதிரே உட்கார்ந்து, தன் உள்ளங்கையை என் வலது பாதத்துக்கு எதிரே பலகை மாதிரி நிமிர்த்தி வைத்தார்.

"ரோட்டுல ஒரு குழந்தை ஓடி வருது. மிதிங்க."

நான் மிதிக்கப் போனேன். விரல் அவர் கையில் பட்டதுமே என் கால் தானாகப் பின்வாங்கிக்கொண்டது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் வந்தது பாதிதான்.

"இந்தக் கையைத் தள்ளுற அன்னிக்கு எடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "காலையில வண்டிய நிறுத்தினீங்களே, அது ரொம்பச் சரி. எல்லாரும் நிறுத்த மாட்டாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுபடி நொண்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வரலாம் என்று தோன்றியது.

அன்று மத்தியானம் நீளமாக இருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள் மனைவி. இரண்டு தலையணையின்மேல் காலைத் தூக்கிவைத்து, போர்வை படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அதன்மேல் கூடாரம்போலக் கவிழ்த்துவைத்தாள். அது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சாயங்காலம் கிட்னி நன்றாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. வீக்கத்தைக் குறைக்க ஒரே ஒரு மாத்திரை, காலையும் இரவும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. அதற்கு முன்னால் வயிற்றைக் காப்பாற்ற ஒரு மாத்திரை. நிறையத் தண்ணீர். மலம் கறுப்பாகப் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். வலி போன பிறகு மிச்சத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடுப்பு வலிக்கும் தலைவலிக்கும் போடக்கூடாது. இவ்வளவையும் டாக்டரம்மா என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் எழுந்தபோது வலி இருந்தது, ஆனால் அது என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. அடுத்த நாள் காற்று பட்டால் வலிக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஸ்டூலை எடுத்துவிட்டோம். வீக்கம் வடிய வடிய, இழுத்துக்கொண்டிருந்த தோல் சுருங்கி, வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. அரிப்புத் தாங்கவில்லை. அந்த அரிப்பை நான் சந்தோஷமாகச் சொறிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓனர் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் உட்கார்ந்ததும் பார்வை மேஜைமேல் இருந்த ரத்தப் பரிசோதனைத் தாளுக்குப் போனது. எடுத்துப் படித்தார்.

"யூரிக் ஆசிட் நார்மல்னு போட்டுக்கீதேண்ணே. அப்ப அது இல்ல போல. சுளுக்குக்கா இத்தன நாள் படுத்துக்கினு கீறே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பொய் சொல்லி விடுப்பு எடுப்பவன் என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அந்த அளவு சில பேருக்குக் குறைவாகவே காட்டும், எல்லாம் அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததை நான் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தலையாட்டினார். காபி குடித்தார். திங்கட்கிழமை வரவில்லையென்றால் இப்போது ஓட்டுகிற புது ஆளையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், தொழிற்சாலைக்காரர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மனைவி வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. லைன் லீடர் அக்கா, கூட இரண்டு பெண்கள். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். ஒரு பை நிறையச் சாத்துக்குடி. வீட்டில் இருக்கிற நாற்காலிகள் போதாமல் ஒருத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு என்னால் எவ்வளவு தாமதமானது என்று நான் கேட்டேன். அக்கா அதைக் காதில் வாங்காததுபோல என் காலைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, பரவாயில்லை, இப்போது மனுஷன் கால் மாதிரி இருக்கிறது என்றார்.

புது டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லாத்தான் ஓட்டுறாரு. டயத்துக்குப் போயிடுறாரு" என்றார் அக்கா. "ஆனா யாரும் தூங்க முடியல."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: "எங்களுக்கு அந்த பஸ்லதான் அண்ணா தூக்கம். காலையில நாலு மணிக்கு எழுந்து சமைச்சு, புள்ளைங்களுக்கு டப்பா கட்டி, வீட்டுக்காரருக்கு எடுத்துவச்சு, ஓடி வந்து ஏறுறோம். உக்காந்தா எஸ்டேட் வரைக்கும் தூங்குவோம். அதை வச்சுத்தான் அன்னிக்கு முழுக்க நிக்கிறோம். இப்ப கண்ணை மூடினா நெத்தி முன்சீட்டுல இடிக்குது. நீங்க நிறுத்துறது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இறங்குற எடம் வந்துடுச்சுன்னு பக்கத்துல இருக்கறவ சொல்லித்தான் தெரியும்."

கட்டிலில் இருந்த பெண், தான் மூன்று வருஷமாக இந்த பஸ்ஸில் வருவதாகவும், பட்டாபிராம் தாண்டி ஆவடி எப்படி இருக்கும் என்று காலை வெளிச்சத்தில் இந்த வாரம்தான் பார்த்ததாகவும் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

கண்ணாடியில் அவர்கள் தூங்குவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பாவம், களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். அதில் என் கால் ஏதோ செய்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பிரேக்கை மெல்லத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில் விரலை லேசாகத் தளர்த்துவேன். அப்படிச் செய்தால் வண்டி தலையைக் குனியாமல் நிற்கும். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கவனித்ததாகவும் நினைக்கவில்லை. அந்தத் தளர்த்தலைச் செய்வது பெருவிரல்தான். வீங்கி, உரிந்து, அசிங்கமாக இருந்த அந்த விரலை அன்றைக்கு நான் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தேன்.

போகும்போது அக்கா வாசலில் நின்று, ஓனரிடம் பேசிவிட்டதாக மனைவியிடம் சொன்னார். முழுசாகக் குணமாகிற வரைக்கும் நெற்றியில் அடிபட்டாலும் பரவாயில்லை, காத்திருக்கிறோம், ஆனால் எங்கள் டிரைவர் திரும்பி வரவேண்டும் என்று மட்டும் சொன்னாராம். என் மனைவி அன்று மத்தியானம் குழம்பு தாளிக்கும்போது பாட்டுப் பாடினாள். நெத்திலிக் குழம்பு இல்லை, முருங்கைக்காய்க் குழம்பு. ஆனாலும் பாடினாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து கையை நிமிர்த்தி வைத்தார். மிதித்தேன். முக்காலியோடு அவர் பின்னால் நகர்ந்துபோய் மேஜையில் இடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே, மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள், புதன்கிழமை வண்டி எடுங்கள் என்றார். சில வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகமாகத்தான் காட்டியது. நான் அந்த முடிவை ஓனருக்குக் கைபேசியில் அனுப்பினேன், ஒரு வார்த்தையும் சேர்க்காமல். என் ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரிவதற்கான மருந்து சேர்ந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி டாக்டரம்மா அதை மாற்றினார். யூரிக் ஆசிட்டைக் குறைக்க தினமும் ஒரு மாத்திரை தொடங்கினார். அது வலிக்கான மருந்து இல்லை, வலி வராமல் இருப்பதற்கானது, அதனால் நன்றாக இருக்கிற நாளிலும் விடக்கூடாது என்றார். தொடக்கத்தில் மறுபடி ஒருமுறை விரல் முரண்டு பிடித்தாலும் பிடிக்கும் என்றும் எச்சரித்தார்.

அந்தப் புதன்கிழமையைச் சொல்ல வேண்டும். வேப்பம்பட்டில் வண்டி எடுக்கும்போது ஓனர் வந்து நின்றார். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். என்னைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபமில்லை. அவர் வண்டி, அவர் பேர். நான் என் பாட்டுக்கு ஓட்டினேன். திருநின்றவூரில் அக்கா ஏறினார். ஓனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்சீட்டுக்குப் போய்விட்டார். பட்டாபிராமில் ஒரு மாடு நடுவில் நின்றது. ஆவடி சிக்னலில் நின்றோம். திருமுல்லைவாயல் தாண்டும்போது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஓனர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்டேட்டில் கேட் முன்னால் நிறுத்தி, எல்லோரும் இறங்கிய பிறகு அவரைத் தோளில் தட்டி எழுப்பினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ சாப்டலாம் வாண்ணே" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து புது ஆளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்தப் பையனுக்கு வேறு ரூட்டில் வண்டி கொடுத்தார்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே மழைக்காலத்தில் ஒருநாள் விரல் மறுபடியும் முரண்டு பிடித்தது. இந்தமுறை நான் காத்திருக்கவில்லை. சுருக்கென்றதுமே மனைவி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். முன்பு கொடுத்த அதே ஒரு மாத்திரையை எத்தனை நாள், எப்படி என்று கேட்டுக்கொண்டு, முதலில் என்னைச் சாப்பிட வைத்தாள். தினமும் போடுகிற மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு நான் ஓனருக்குப் போன் செய்து, கால் சரியில்லை, இன்றைக்கு வண்டி எடுக்கமாட்டேன் என்றேன்.

"சரிண்ணே" என்றார் அவர். ஒரு கேள்வி இல்லை. கொஞ்சம் விட்டு, "சாப்ட்டுட்டுத்தான மாத்திர போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவருடைய மற்ற டிரைவர்களும் உடம்பு சரியில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். யாரும் மாத்திரை அட்டையோடு ரோட்டோரம் நிற்பதில்லை. நெமிலிச்சேரிக்காரர் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்து, முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு நான் போட்ட மாத்திரையின் பேர் என்ன என்று கேட்டார். பேரைச் சொல்லவில்லை. ஆவடியில் டாக்டரம்மாவின் கிளினிக் எங்கே இருக்கிறது என்று வழி சொன்னேன்.